பங்கில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணின் வாழ்வைத் தொகுப்பது எப்படி: திருகோணமலைப் பங்குகளுக்கு ஒரு கையேடு

துறவற சபை எதிலும் சேராமல், குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, விடியற்பூசை தவறாமல், அயலாரின் துன்பத்தில் கூட நின்ற ஒரு அம்மா இறந்துபோகிறார். "அவ ஒரு புனிதைதான்" என்று செத்தவீட்டிலேயே சனம் கதைக்கத் தொடங்கும். நினைவு மலர் அடிப்பார்கள். ஆண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். பிறகு பல வருடம் கழித்து யாராவது ஆயர் இல்லத்துக்குப் போய், இவரைப் புனிதராக அறிவிக்கத் திருச்சபையில் முறையான முயற்சி எடுக்கலாமா என்று கேட்கும்போது கையில் மிஞ்சியிருப்பது அந்த நினைவு மலரும் அதிலுள்ள வெண்பாவும்தான்.

அதற்காக ஆயர் நடத்தும் விசாரணையில் வெண்பா எடுபடாது. யார், எந்தக் காலத்தில், எந்த இடத்தில், தன் கண்ணால் என்ன கண்டார் என்பதே எடுபடும். அதைச் சேர்ப்பதற்கு மேலிடத்து அனுமதி எதுவும் தேவையில்லை. பங்குத்தந்தைக்குத் தெரியப்படுத்திவிட்டு அடுத்த வாரமே தொடங்கலாம். இறந்து 5 ஆண்டு நிறையுமுன் ஆயர் விசாரணையைத் தொடங்க முடியாது என்பது பொதுவிதி. அந்த 5 ஆண்டையும் சும்மா இருக்கும் காலமாக எண்ணுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அதுதான் வேலை செய்யும் காலம். 30 ஆண்டுக்கு மேல் போய்விட்டால் வாசல் அடைபடாது. ஆனால் ஏன் இவ்வளவு தாமதம், அதில் ஏமாற்று ஏதும் உண்டா என்று ஆயர் தேடிப் பார்த்தாக வேண்டும்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயர் விசாரணையைத் தொடங்கியபின் அவர் இறை ஊழியர். வீரத்துவமான நற்பண்புகளோடு வாழ்ந்தார் என்று உரோமையில் அறிக்கை வெளிவந்தால் வணக்கத்துக்குரியவர். அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்ததாக ஏற்கப்பட்டால் அருளாளர். அருளாளரானபின் நடந்த இன்னொரு புதுமையும் ஏற்கப்பட்டால் புனிதர். இந்த நடைமுறைக்கு அடிப்படை 1983 ஜனவரி 25-இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சட்டம். மறைமாவட்ட அளவில் செய்யவேண்டியவற்றை 2007-இல் வந்த உரோமை அறிவுறுத்தல் விரிவாகச் சொல்கிறது.

எந்த ஆயர்?

பிறந்த ஊரோ வாழ்ந்த ஊரோ இதைத் தீர்மானிப்பதில்லை. அவர் எங்கே இறந்தாரோ அந்த மறைமாவட்டத்தின் ஆயரே உரியவர். நம் பக்கத்தில் இது பெரிய சிக்கல். பாலையூற்றில் அறுபது வருடம் வாழ்ந்தவர் மகளோடு ரொறன்ரோவில் கண்மூடியிருக்கலாம். மூதூரால் இடம்பெயர்ந்தவர் தமிழ்நாட்டு முகாமில் இறந்திருக்கலாம். அப்படியானால் உரோமையின் அனுமதியோடு அதிகாரத்தைத் திருகோணமலைக்கு மாற்றவேண்டும். இரண்டு ஆயர்களும் சம்மதித்தால் அது நடக்கக்கூடியதே. மட்டக்களப்பில் இறந்தவர் என்றாலும் கவனம் தேவை: 2012 வரை திருகோணமலை–மட்டக்களப்பு ஒரே மறைமாவட்டமாக இருந்தது, இப்போது இரண்டு. ஆகவே முதல் வேலை, மரண அத்தாட்சிப் பத்திரத்தில் மரணம் நிகழ்ந்த இடம் என்ன என்று பார்ப்பது. மற்றதெல்லாம் பிறகு.

பதிவேடுகள்

திருமுழுக்குப் பதிவேட்டில் இருந்து தொடங்குங்கள். உறுதிப்பூசுதலும் திருமணமும் நடந்தபோது அந்த விபரங்களைத் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஓரக் குறிப்பு ஒழுங்காக இருந்தால் ஒரே பக்கத்தில் பாதி வாழ்க்கை கிடைக்கும். சான்றிதழ் கேட்கும்போது "ஓரக் குறிப்புகளோடு முழுப் பிரதி" என்று கேளுங்கள். சும்மா கேட்டால் பெயரும் தேதியும் மட்டும் எழுதித் தருவார்கள்.

பழைய பதிவேட்டில் பெயரைத் தேடும்போது பலர் தடுமாறுவது லத்தீன் வடிவத்தால். தகப்பன் பெயர் இராயப்பு என்றால் பேத்ருஸ் என்று இருக்கும். சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யோவான்னெஸ், சூசைப்பிள்ளை யோசேப்புஸ், சந்தியாகு யாக்கோபுஸ், சவரிமுத்து சவேரியுஸ். வீட்டில் கூப்பிட்ட பெயரைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் பிறகு சாட்சிகளாக உதவக்கூடும்.

பதிவேடே அழிந்துபோன இடங்கள் உண்டு. 1990-இன் இடப்பெயர்வும், 2004 சுனாமியும், 2006-இல் மூதூர் பட்ட பாடும் கடதாசியை மிச்சம் வைக்கவில்லை. கலங்க வேண்டாம்: திருமுழுக்கை நிரூபிக்க, ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும் என்று சட்டம் சொல்கிறது. அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் உடனே எழுத்தில் வாங்குங்கள்.

பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளின் பிரதியைப் பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். நகரத்தவர்களுக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு, வேலை செய்திருந்தால் நியமனக் கடிதம், வீரகேசரியிலோ பாதுகாவலனிலோ வந்த மரண அறிவித்தல் எல்லாம் சேரவேண்டும். பத்திரிகைத் துண்டை வெட்டி வைக்கும்போது பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள தலைப்பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். தேதியில்லாத துண்டு அரைச் சாட்சிதான்.

யாரும் நினைக்காத ஒரு புதையல், சபைக் கூட்டக் குறிப்புகள். மரியாயின் சேனை வாராவாரம் கூடுகிறது, வாராவாரம் குறிப்பெழுதுகிறது. இந்த வாரம் யாரைச் சந்தித்தோம், எந்த நோயாளியைப் பார்க்கப் போனோம் என்று உறுப்பினர் அறிக்கை கொடுப்பதும் அதில் இருக்கும். அந்த அம்மா இருபது வருடம் சேனையில் இருந்திருந்தால், அவருடைய பிறர்சேவை தேதியோடு எழுதப்பட்டுக் கிடக்கிறது. பழைய செயலாளர்களின் வீட்டு அலுமாரிகளில் தேடிப்பாருங்கள். வின்சென்ட் டி போல் சபையின் கொப்பிகளும் அப்படியே. மற்றவர்களின் வறுமையும் குடும்பப் பிரச்சினைகளும் அவற்றில் இருப்பதால் முழுக் கொப்பியையும் ஊருக்குக் காட்டக் கூடாது. தேவையான பக்கத்தை மட்டும் படமெடுங்கள்.

நினைவு மலரைக் குப்பையில் போட வேண்டாம். உறவுமுறைகளும் பிறந்த ஊர்களும் அதில் சரியாக இருக்கும். குணவர்ணனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாட்சிகளிடம் கேட்பது

பெரும்பாலான முயற்சிகள் பழுதாவது இங்கேதான். பக்தியோடு போய், "அவ நல்லவ தானே? செபமாலையை விடமாட்டா தானே?" என்று கேட்டால் பதில் "ஓம்" என்றுதான் வரும். அந்த ஓமுக்குப் பெறுமதி இல்லை. வாயில் பதிலை ஊட்டாமல் கேளுங்கள்: எப்போதிருந்து தெரியும்? எப்படித் தெரியும்? என்ன கண்டீர்கள்? அப்போது வேறு யார் நின்றது?

"அம்மா ஏழைகளுக்கு இரங்குபவர்" என்பது வெறும் அபிப்பிராயம். மாதிரிக்கு, ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்:

"தொண்ணூற்றோராம் ஆண்டு மாரி. எங்கட கொட்டிலுக்குள்ள வெள்ளம். அவ தண்ணிக்குள்ளால நடந்து வந்து ஒரு கொத்து அரிசி தந்தவ. அவவிட்ட அண்டைக்கு இருந்ததே ரெண்டு கொத்துத்தான் எண்டு பிறகு அவவின்ர மகள் சொன்னவ. அரிசியை வாங்கினது நான். பக்கத்தில என்ர தங்கச்சி நிண்டவ."

காலம், இடம், அளவு, அதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு, கூட நின்றவர் எல்லாம் உண்டு. இன்னொன்றையும் பாருங்கள்: அரிசி தந்தது நேரில் கண்டது, இரண்டு கொத்து இருந்தது கேள்விப்பட்டது. இந்த இரண்டையும் விசாரணை வேறுவேறாக எடைபோடும். ஆகவே எழுதும்போதே பிரித்து எழுதுங்கள். மகளிடமும் போய் அதைத் தனியாகக் கேளுங்கள். சாட்சி பேசிய மொழியிலேயே எழுதுங்கள். செந்தமிழாக்கினால் சாட்சியின் குரல் போய் உங்கள் குரல் வந்துவிடும்.

வருடம் நினைவில்லை என்பார்கள். சூறாவளிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் 1964 டிசம்பர் கையில் வரும். சுனாமியும் இடப்பெயர்வும் அப்படியே உதவும். உறுதிப்பூசுதல் தந்தது எந்த ஆயர் என்று கேட்பதும் நல்ல உத்தி: கிளெனி ஆண்டகை என்றால் 1947-க்கும் 1974-க்கும் இடையில், கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகை என்றால் 1983-க்குப் பின்.

நெருங்கிய உறவினரிடம் முதலில் போவது வழக்கம். அது பிழையான வரிசை. வயது கூடியவரிடமும் நோயாளியிடமும் முதலில் போங்கள். ஒரு நாளில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். காலை நேரம் நல்லது. கைத்தொலைபேசியில் பதிவதானால் அழைப்பு வராதபடி வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவரின் பெயர், பதிவுக்கு அவர் சம்மதம் ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். ஒலிப்பதிவு மட்டும் போதாது. எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தங்களைச் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் வட்ஸ்அப்பில் பேசலாம். கையெழுத்திட்ட தாள் தபாலில் வரவேண்டும். பின்னால் முறையான விசாரணை தொடங்கினால் அவர் இருக்கும் மறைமாவட்டத்திலேயே அவரிடம் சத்தியப்பிரமாணத்தோடு கேட்க வழியுண்டு.

யாரைத் தெரிவுசெய்வது? கணவர் உயிரோடு இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். உரோமையில் வாழ்ந்த அன்னா மரியா தைஜி ஒரு பணியாளரின் மனைவி, ஏழு பிள்ளைகளின் தாய். 1837-இல் இறந்தார், 1920-இல் அருளாளரானார். 90 வயது கடந்த அவருடைய கணவர் தொமெனிக்கோ தந்த சாட்சியம் அந்த விசாரணைக்கு ஒரு தூண். வேலையால் களைத்து முன்கோபத்தோடு வீட்டுக்கு வரும் கணவனோடு ஒருத்தி எப்படிப் பொறுமையாக வாழ்ந்தாள் என்பதை அவரைவிட யார் சொல்வார்?

குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களின் சொல்லுக்குக் கனம் கூட. நம் ஊரில் அது எளிது: பக்கத்து வளவு சைவக் குடும்பம், மீன் கொண்டுவந்து விற்ற முஸ்லிம் ஐயா, கடைக் கணக்கு வைத்திருந்த முதலாளி. கடனை எப்படித் திருப்பித் தந்தார், வேலைக்காரப் பிள்ளையை எப்படி நடத்தினார் என்பதெல்லாம் நீதி என்ற நற்பண்பின் கீழ் வரும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு, முன்மதி, நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்ற ஏழையும், அவற்றோடு தாழ்ச்சி முதலியவற்றையும் விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பக்தி முயற்சிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் பாதிக் கேள்விக்குப் பதில் இராது.

அவரோடு சண்டை பிடித்தவரிடமும் போங்கள். உரோமை அறிவுறுத்தலே எதிர்க்கருத்து உள்ளவர்களையும் கேட்கச் சொல்கிறது. "கோபம் கூடினவ, மருமகளோட ரெண்டு வருஷம் கதைக்கேல்ல" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். பிறகு சமாதானமானார்களா, யார் முதலில் போய்ப் பேசியது என்று கேளுங்கள். நீங்கள் மறைத்த ஒன்றை விசாரணை அதிகாரி கண்டுபிடித்தால் மீதியெல்லாம் சந்தேகத்துக்குள் போய்விடும்.

ஒருவரிடம் மட்டும் போகக் கூடாது: அவருக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிய குருவிடம். தான் ஒப்புரவில் அறிந்ததை அவர் சொல்ல முடியாது, அதைப்பற்றிச் சாட்சியாக நிற்கவும் முடியாது. "ஒரு சொல்லாவது சொல்லுங்கோ சுவாமி" என்று நச்சரிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கடிதங்களும் பொருட்களும்

ஜன்னா பெரெத்தா மொல்லா வடஇத்தாலியின் மஜெந்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். நான்காவது பிள்ளையைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி. பிள்ளையின் உயிரைக் காக்கும் வழியையே தெரிந்தெடுத்து, பிள்ளை பிறந்து ஒரு வாரத்தில், 1962 ஏப்ரல் 28-இல் இறந்தார். 2004-இல் புனிதரானார். அந்தக் கடைசி முடிவுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய சாதாரண நாட்கள் எப்படி இருந்தன என்பதைக் காட்டுவது கணவர் பியெத்ரோவுக்கு அவர் எழுதிய கடிதங்கள். ஆகவே கடிதம், நாட்குறிப்பு, செபப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கியது, பூசைக் கருத்து எழுதிய துண்டு, வீட்டுச் செலவுக் கணக்குக் கொப்பி எதையும் எறிய வேண்டாம். கணக்குக் கொப்பியில் மாதாமாதம் "ஆஸ்பத்திரிக் கிழவிக்கு" என்று ஒரு வரி இருந்தால் அது பத்துப் புகழுரைக்குச் சமம்.

நம் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து கடதாசியைத் தின்னும். செய்யக் கூடாதவை இவை: லமினேற் செய்யக் கூடாது, சூடும் பசையும் மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்ததை செலோரேப்பால் ஒட்டக் கூடாது. மூலத்தாளில் பேனையால் இலக்கமிடக் கூடாது. மெல்லிய பென்சிலால் பின்பக்க மூலையில் போடலாம். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மட்டைப் பெட்டியில் போட்டு, சுவரைத் தொடாமல், நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் இரும்பு அலுமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கறையான் வருவது பெரும்பாலும் சுவரோரத்தால்தான். வாடைக்காற்று மாரியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, பெட்டியைத் திறந்து பரப்பும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்துத் தாள்களை 300 டிபிஐ-யிலும் புகைப்படங்களை 600 டிபிஐ-யிலும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். கடித உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். உறையைத் தனியாக்கி விடாதீர்கள். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று திருகோணமலைக்கு வெளியே இருக்கட்டும்.

செபமாலை, மூக்குக்கண்ணாடி, முக்காட்டுச் சேலை போன்றவற்றை யார் தந்தது, எப்போது தந்தது என்று எழுதி வைக்கவேண்டும். சேலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிடுவதை உடனே நிறுத்துங்கள்.

வணக்கம் செலுத்தக் கூடாது

முழு முயற்சியையும் கவிழ்க்கக்கூடியது இதுதான். 8-ஆம் உர்பான் பாப்பரசர் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட தடை இன்றும் நிற்கிறது: திருச்சபை அறிவிக்குமுன் ஒருவருக்குப் பொது வணக்கம் கூடாது. விசாரணையின்போது கல்லறையையும் அவர் வாழ்ந்த, இறந்த அறைகளையும் நேரில் பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள்.

ஆகவே படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டாம். பீடத்திலோ கோயிலில் புனிதர் சுரூபங்களுக்குப் பக்கத்திலோ படம் வேண்டாம். அவர் பெயரில் கொடியேற்றமும் நவநாளும் வேண்டாம். கல்லறையில் நேர்த்திக்கடன் உண்டியல் கூடவே கூடாது. நவம்பர் 2-இல் சேமக்காலையில் எல்லாக் கல்லறைக்கும் ஏற்றுவதுபோல மெழுகுதிரி ஏற்றலாம். வீட்டில் தனியாக அவரிடம் மன்றாடலாம். செபத்தை அச்சிட்டுப் பரப்புவதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். இறை ஊழியர் என்றும் எழுதவேண்டாம், பெயருக்கு முன் வேறு எந்தப் பட்டமும் போடவேண்டாம்.

முகநூலில் பக்கம் திறப்பதும் நல்லதல்ல. புனிதை என்ற பெயர் சனத்திடமிருந்து தானாக எழுந்ததா, யாராவது ஊதிப் பெருப்பித்ததா என்று ஆராய்வார்கள். ஆயிரம் லைக் வாங்கின பக்கம் இரண்டாவதற்குச் சான்றாகிவிடும். சேமக்காலையில் குழியைத் திரும்பப் பாவிக்கும் வழக்கம் இருந்தால் அந்தக் குழியை ஒதுக்கிவைக்கப் பங்குத்தந்தையிடம் எழுத்தில் கேளுங்கள். அதைத் திறப்பதோ மண் எடுப்பதோ கூடாது.

சுகம் கிடைத்தது என்று யாராவது வந்தால்

புதுமைக்கான விசாரணை தனியானது. அது சுகம் நடந்த மறைமாவட்டத்தில் நடக்கும். உங்கள் வேலை கடதாசியைக் காப்பாற்றுவது மட்டும். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் சுகத்துக்கு முந்தியவையும் பிந்தியவையும் வேண்டும். "முந்தினதை எறிஞ்சு போட்டம்" என்பதுதான் வழக்கமான பதில். சுகம் திடீரென்று நடந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா என்று உரோமையில் மருத்துவக் குழு பார்க்கும். ஏழு பேர் இருந்தால் ஐவராவது, ஆறு பேர் இருந்தால் நால்வராவது விளக்கமில்லை என்று சொல்லவேண்டும்.

யாரிடம் மன்றாடினார்கள் என்பதையும் அன்றே எழுதி வாங்குங்கள். அந்தோனியாருக்கும் மடு மாதாவுக்கும் இந்த அம்மாவுக்கும் சேர்த்து மன்றாடியிருந்தால் யாருடைய பரிந்துரை என்று நிறுவ முடியாது. விசுவாசப் பரப்புதல் சபைக்கு 1822-இல் வித்திட்ட லியோன் நகரத்துப் பொதுநிலைப் பெண் போலின் ஜரிக்கோவின் விடயத்தில், 2012-இல் பிரான்சில் உணவு சிக்கி நினைவிழந்த ஒரு சிறுமிக்காக அவரிடமே நவநாள் வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. அவர் இறந்தது 1862-இல், அருளாளரானது 2022-இல்.

ஒப்படைப்பது

எல்லாம் சேர்ந்தபின், காலவரிசையில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுங்கள், இருபது பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் எந்த ஆவணம், எந்தச் சாட்சி என்று இலக்கமிடுங்கள். இலக்கம் போட முடியாத வரியை வெட்டிவிடுங்கள். ஆவணப் பட்டியலையும் சாட்சிப் பட்டியலையும் இணைத்து, ஒரு பிரதியை ஆயர் இல்லத்தில் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். செலவுக்குச் சேர்க்கும் பணத்துக்குத் தனிக் கணக்கும் ரசீதுப் புத்தகமும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

விண்ணப்பிப்பவராகப் பங்கோ சபையோ தனியாளோ நிற்கலாம். செலவுப் பொறுப்பும் அவர்களுடையதே. வழக்கை நடத்த அவர்கள் நியமிக்கும் போஸ்டுலேட்டரை ஆயர் ஏற்கவேண்டும். அதன்பின் ஆயர் மற்ற ஆயர்களிடம் கருத்துக் கேட்பார், உரோமையிடம் தடையில்லை என்ற பதிலைப் பெறுவார், வரலாறு அறிந்த மூவரையாவது ஆவணம் தேட நியமிப்பார். நீங்கள் கண்ட சாட்சிகளைச் சத்தியப்பிரமாணத்தோடு மறுபடியும் கேட்பார்கள். அதற்கு இடையில் வருடங்கள் போகும். ஆகவே சாட்சிப் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, வீடு மாறியவரின் புதிய விலாசத்தைப் போடுங்கள். இறந்தவரின் பெயரை வெட்டாமல், அவர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை இணைத்து, அதையும் ஆயர் இல்லத்துக்குக் கொடுத்து வையுங்கள்.